மாமா பெயர் வைத்த ஓட்டக்காரி

தொலைக்காட்சியில் பெண்கள் ஓட்டப் பந்தயம் வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். அம்மாவுக்கு விளையாட்டென்றாலே பிடிக்காது என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். பிடிக்காமல் இல்லை. கோபம் வருகிறது. இத்தனை வருடமாகியும் அடங்காத கோபம். அதைப் பிள்ளைகளுக்கு விளக்க உட்கார்ந்தால் பாதியிலேயே பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவேன் என்பதால் எழுந்து போய்விடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ரங்கூனில் தாகேதா பகுதியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பபேடான் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நின்றபடியே நாள் முழுவதும் துணி கிழித்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்களைக் கிளறுவார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் முழுசாகக் கிடைக்காத காலம் அது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத செய்தியின் மேல் வெள்ளி மை பூசியிருப்பார்கள், இல்லாவிட்டால் தாளையே கிழித்திருப்பார்கள். அப்படி ஒரு பத்திரிகையை ஒரு நாள் அக்காவுக்காக வாங்கி வந்தார். அதில் கரீபியன் தீவு ஒன்றைச் சேர்ந்த ஓட்டக்காரியின் படம் இருந்தது.

அக்காவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் அவளை ஓடிப் பிடிக்க ஆண் பிள்ளைகளாலும் முடியாது. ஆனால் அவள் ஜெயித்து வரும்போதெல்லாம் ஓரத்தில் நிற்கும் கூட்டத்திலிருந்து "கலா, கலா" என்று ஒரு சத்தம் வரும். தமிழில் அது பெண் பெயர். அங்கே எங்களைப் போன்ற கறுத்த தோல்காரர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். அக்கா காதில் விழாதது போல வந்து தண்ணீர் குடிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் படத்தில் இருந்தவளோ எங்கள் அக்காவைவிடக் கறுப்பு. கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் பிறந்து, வெறுங்காலோடு ஓடிப் பழகி, படிப்புக்கென்று அயல் நாடு போய், பெரிய பந்தயம் ஒன்றில் மயிரிழையில் தோற்று, அடுத்ததிலும் தோற்று, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கை கழுவியபின் திரும்பி வந்து ஜெயித்தவள். பத்திரிகையில் படிக்க முடிந்தது இவ்வளவுதான். அவளுடைய பிறப்பு வளர்ப்பு பற்றிய பக்கத்தில் பாதியைக் காணோம். பின்பக்கத்தில் என்ன பாவம் அச்சாகியிருந்ததோ, கிழித்துவிட்டார்கள். கிழிந்த பாதியை மாமா தானே சொல்லி நிரப்பினார்.

"இவ நம்ம புள்ளதான்," என்றார். அப்பா வழியில் எங்கள் பூட்டனும் பூட்டனின் தம்பியும் மதராஸ் துறைமுகத்தில் ஒரே நாளில் கப்பல் ஏறினார்களாம். ஒருவர் ஏறிய கப்பல் ரங்கூனுக்கு வந்தது. மற்றவருடையது கரும்பு வெட்ட ஆள் கொண்டுபோன கப்பல், கரீபியனுக்குப் போய்விட்டது. அந்தத் தம்பியின் பேத்தி இவள். எங்களுக்கு அத்தை முறை. பத்திரிகையில் இருப்பது வெளியில் வைத்துக்கொண்ட பெயர், வீட்டில் அவளைப் பொன்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார். எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயரும் இருந்தன. அவளுக்கும் அப்படித்தானே இருக்கும்.

அவளுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் ஓடுவதற்கு முன் கண்ணை மூடி, "அத்தே, பாத்துக்க," என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். பொய் என்று தெரியாமல் நம்பியவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். நானூறு மீட்டரில் முதலில் வரும் பெண்ணைப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொள்வார்கள். தங்க இடம், சாப்பாடு, முள் வைத்த ஓட்டக் காலணி, கடைசியில் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடும் வாய்ப்பு. அக்கா அடி பிய்ந்த கான்வாஸ் ஷூவோடு ஓடினாள். அவள் கோட்டைத் தாண்டி, திரும்பி நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்தவள் வந்து சேர்ந்தாள். பெஞ்சு மேல் ஏறி நின்று கத்திய எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

விளையாட்டு சயாமா, ஆசிரியையை அங்கே அப்படித்தான் சொல்வோம், எங்கள் வீட்டுக்கே வந்து ஃபாரம் எழுதினார். பர்மியர், நல்ல மனுஷி. அக்காவின் பர்மியப் பெயரை எழுதினார். இனம் என்ற இடத்தில் பர்மியர் என்று எழுதினார். முன்னோர் பிறந்த ஊர் ரங்கூன் என்று எழுதினார். அப்பா பிறந்தது ரங்கூனில், தாத்தா பிறந்ததும் ரங்கூனில்தான். ஆனாலும் அப்பாவின் பையில் இருந்தது வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அட்டை. அது தெரிந்தால் முகாமில் சேர்க்க மாட்டார்கள், யாரும் தோண்டாமல் இருந்தால் போதும் என்று சயாமா மெதுவாகச் சொன்னார். பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என்னிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஃபாரத்தைப் பற்றி என்ன என்று விட்டுவிட்டார்கள்.

தோண்ட ஆள் வந்தது. இரண்டாவதாக வந்த பெண்ணின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைத்தெருவில், அக்கா ஓடப் போயிருந்தாள். மாமா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். வந்தவர் வெளுத்த சட்டையும் தோள்பையுமாக மரியாதையான ஆளாகத்தான் இருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுப் பர்மியத்தில் கேட்டார்.

"உன் அக்கா நல்லா ஓடுறாளே, யாரைக் கொண்டு பிறந்திருக்கா?"

எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? அந்த ஆள் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. எங்கள் வம்சமே ஓட்டக்கார வம்சம் என்று ஆரம்பித்தேன். இரண்டு கப்பல், மதராஸ், பூட்டன், பூட்டனின் தம்பி, பொன்னம்மா அத்தை, ஒன்று விடவில்லை. மறந்துபோகுமே, எழுதிக்கொள்கிறேன் என்றார். எங்கள் கதையை ஒரு பெரிய மனிதர் எழுதுகிறார் என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

மாமா ஈரத் தலையோடு ஓடி வந்தார். "ஐயா, அது சும்மா புள்ளைக்கு நான் சொன்ன கதை. எல்லாம் பொய்," என்றார். அவர் அப்படிக் கும்பிட்டு நின்று நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மானம் போய்விட்டது. விருந்தாளி முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று ஆத்திரம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பூட்டன் கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். மூடியில் வெள்ளைப் பெயின்டில் பூட்டன் பெயரும் மதராஸ் என்பதும் ஆங்கிலத்தில் இருந்தன. "பாருங்க, பொய்யில்ல," என்றேன். அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அதையும் எழுதிக்கொண்டார். கெட்டிக்காரப் பெண் என்று என் தலையைத் தடவி, பையிலிருந்து இரண்டு பனைவெல்லக் கட்டி கொடுத்துவிட்டுப் போனார். மாமா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். நான் வெல்லத்தைத் தின்றேன்.

அடுத்த வாரம் சயாமா வந்து, முகாமுக்கு இரண்டாவதாக வந்த பெண் போகிறாள் என்றார். அழுதுகொண்டே சொன்னார். அந்த வருடம் முடிவதற்குள் அவரையும் எங்கேயோ தூரத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

யாரால் இது ஆயிற்று என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. மாமாவால். நான் உண்மையைச் சொல்லி, பெட்டியைக் காட்டி நிரூபித்தேன். மாமா வந்து எல்லாம் பொய் என்று உளறினார். பொய்க்காரக் குடும்பம் என்று அந்த ஆள் எங்களை ஒதுக்கிவிட்டார். இதை நான் வீட்டில் எல்லோர் முன்னாலும் கத்திச் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அரிசி களைய எழுந்து போனார். "ஆமாம்மா, என் தப்புதான்," என்றார் மாமா. ஒத்துக்கொண்டதும் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டேன். மாமா தடுக்கவில்லை.

பல வருடம் கழித்து பபேடானில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்த ஓட்டக்காரியைப் பார்த்தேன். வயதாகியும் ஓடிக்கொண்டிருந்தாள், வேறொரு நாட்டின் சட்டையில். எங்கோ பிறந்தவளைக் கூப்பிட்டு அந்த நாடு தன் சட்டையைக் கொடுத்திருந்தது. கொடுக்கட்டும், அவள் நன்றாக இருக்கட்டும். மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து, இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இந்த மண்ணிலேயே எரிந்து சாம்பலான குடும்பத்தில் வந்தவளுக்கு ஒரு சட்டை கொடுக்க இவர்களுக்கு மனசு வரவில்லை. அக்கா இப்போது ரங்கூனை அடுத்த தன்லியினில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே இருக்கும் வேலை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியதுதான்.

பத்திரிகையை எரித்த பிறகு ஒரு மாதம் நான் மாமாவோடு பேசவில்லை. அவர் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மரியாதை இல்லாமல் நடந்துகொள்ளும் பிள்ளையை அடிக்கத் தயங்காத வீடு எங்களுடையது. அந்த மாதம் ஒருவரும் என்னை அதட்டக்கூட இல்லை. என் கோபத்தில் நியாயம் இருப்பதால்தான் என்று நினைத்தேன்.

அக்கா வழக்கம்போலத் தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு நாள் அவள் மடியில் சாய்ந்துகொண்டு, உனக்காக நான் மாமாவை எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"போதும்டி," என்றாள். "போய் மாமாகிட்ட பேசு."

இவ்வளவு பெரிய துரோகத்தையும் மன்னிக்கிறாளே, எங்கள் அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷம் அவள் மன்னித்துக்கொண்டிருந்தது மாமாவை அல்ல என்பது எனக்குத் தெரியவில்லை.