மையவாடி வரைக்கும்

என் முதற்படத்தின் கடைசிக் காட்சியை நான் எழுதவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மற்றக் காட்சிகளையெல்லாம் எழுதி எழுதிக் கிழித்தவள், இதற்கு மட்டும் ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன்: ‘ஜனாஸா வாசலைத் தாண்டி மையவாடி வரைக்கும் மெதுவாகப் போகிறது.’ அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. வாப்பா மௌத்தான அன்று நான் கண்டது வாசல் வரைக்கும்தான்.

எங்கள் ஊரில் அடக்கம் செய்ய மையவாடிக்கு ஆண்கள்தான் போவார்கள். மையத்தை, இறந்தவரின் உடலை, வைத்த சந்தூக்குப் பெட்டியை அவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேற, பெண்கள் வீட்டுக்குள் நின்று அழுவோம். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. அதற்கப்பால் தென்னையும் மணலும் கடலும்தான். ஆகவே வேறு வீட்டு ஜனாஸா எதுவும் எங்கள் வாசலால் போனதில்லை. நான் பார்த்த ஒரே ஜனாஸா வாப்பாவுடையது, அதுவும் கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால். வாசலில் சனம் நெருக்கியடித்ததில் சந்தூக்கு அரக்கி அரக்கித்தான் நகர்ந்தது. பிறகு வேலி மறைத்துவிட்டது.

மிச்சத் தெருவை நானே மனதுக்குள் கட்டிக்கொண்டேன். அதில் வாப்பா மெதுவாகப் போனார். எங்களை விட்டுப் போக மனமில்லாமல், ஒவ்வொரு வீட்டையும் பார்த்துப் பார்த்துப் போனார். படம் எடுக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய பெரிய பதிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், எனக்கு அந்தத் தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் அங்கே கமராவோடு நின்றால் முதல் ஆளாகக் கடற்படைக்காரர் வந்து நிற்பார். யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்ட பிறகுதான் நாங்கள் படம் என்ற பேச்சையே எடுத்தோம். நாங்கள் என்றால் நானும் என் தம்பியும், சிலாபத்தில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள இளைஞரும். நடித்தவர்கள் எல்லாரும் ஊராட்கள். கல்யாணக் காலத்தில் கமராக்காரர் வர மாட்டார். வெங்காயம் கிண்டும் காலத்தில் நடிகர்கள் வர மாட்டார்கள். நோன்பில் யாரையும் கேட்கவே முடியாது. மிஞ்சிய நாட்களில் எடுத்த படம் அது.

ஜனாஸாக் காட்சிக்குச் சாச்சாவிடம் போனேன். வாப்பாவின் தம்பியான அவர் அப்போது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார்.

“பள்ளிச் சந்தூக்க இதுக்குத் தர ஏலாது மகள். நாளைக்கு ஒரு மௌத்து வந்தா நான் எங்க போய்த் தேடுற?” என்றார். ஆனாலும் தூக்க ஆள் சேர்த்துத் தந்தவரும் அவர்தான். பலகையில் ஒன்று செய்வித்தோம். வெறுமையாகத் தூக்கினால் தோளில் பாரம் தெரியவில்லை என்று தம்பி உள்ளே உப்பு மூட்டைகளை வைத்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தோம். ஓட்டோவின் பின்பக்கம் கமராவைக் கட்டி, ஜனாஸாவுக்கு முன்னால் ஊர்ந்து போவதாக ஏற்பாடு. “எங்கட பக்கமும் மெதுவாத்தான் அக்கா போவாங்க. பேண்ட் எல்லாம் அடிச்சு,” என்று கமராக்காரர் எனக்குத் தைரியம் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வாசலில் சனம் நெருக்கியடித்தது. சந்தூக்கு அரக்கி அரக்கி வெளியே வந்தது. நான் வேலிக்குள்ளால் கண்டது அப்படியே நடந்தது. பிறகு வேலி முடிந்தது, அவர்கள் போகத் தொடங்கினார்கள். நடையென்றால் நடையில்லை, கிட்டத்தட்ட ஓட்டம். கமராவுக்குள் பெரிதாகிப் பெரிதாகி வந்தவர்கள் ஓட்டோவுக்குப் பக்கத்தால் புகுந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கமராவில் மிஞ்சியது புழுதி. ‘மையத்து ஓட்டோவ ஓவர்டேக் பண்ணின படம் எடுத்தவ’ என்று தேத்தண்ணிக் கடையில் என்னை இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள்.

நான் குதித்து இறங்கி, “என்ன, ஓட்டப்போட்டியா?” என்று கத்தினேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாச்சாதான் சொன்னார்: “மையத்த வெச்சிக்கிட்டு ஊர்கோலமா போற? கெதியாக் கொண்டு போய்ச் சேக்கணும் மகள். அதுதான் மையத்துக்கு நாம செய்யிற மரியாத.”

“எல்லா ஜனாஸாவும் இப்பிடித்தானா?”

“எல்லாந்தான்.”

அடுத்த கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, மெதுவாக நடங்கள் என்றேன். பாவம், நடந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையைக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது. கால் காலோடு தட்டியது, யாரோ சிரித்தார்கள். சாச்சா தோளை எடுத்துவிட்டார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். “இது என்ட படம். நான் சொல்லுற மாதிரி செய்ய ஏலாதவங்க வீட்டுக்குப் போகலாம்” என்றேன். சிலர் உண்மையாகவே போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

தெருவோரத்தில் இறக்கி வைத்த சந்தூக்குக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி வந்து பக்கத்தில் இருந்தான்.

“வாப்பாவையும் இப்பிடித்தானா?”

“ஓம் ராத்தா.”

“எனக்கு நீ சொல்லவேயில்லயே.”

“நீங்க கேக்கயில்லயே.” மணலைக் கிண்டிக்கொண்டே சொன்னான்: “நான் கிணத்தடியில வெச்சுத்தான் தோள் குடுத்தேன். மதகு வரக்குள்ள ஒராள் வந்து வாங்கிட்டார். தோள் குடுத்தா நன்மை எண்டு எல்லாருக்கும் அவசரம். பொறகு சனத்துக்குள்ள முன்னுக்குப் போகவே ஏலாமப் போச்சு. நான் மையவாடிக்குப் போய்ச் சேரக்குள்ள கபுறுல இறக்கத் தொடங்கிட்டாங்க.”

இத்தனை வருடமும் நான் அவனில் பொறாமைப்பட்டிருந்தேன். அவன் ஆண்பிள்ளை, முழுத் தெருவும் அவனுக்குக் கிடைத்தது என்று. அவனுக்குக் கிடைத்தது கிணற்றடியிலிருந்து மதகு வரைக்கும். எனக்கு எல்லாரிலும் ஆத்திரம் வந்தது. அப்படிக் கெதியாகப் போனதற்காக வாப்பாவிலும் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனவர்களின் வீட்டு வாசல்களுக்குப் போய்க் கூப்பிட்டேன். “நீங்க போற மாதிரியே போங்க” என்றேன். பெரிய மனது அவர்களுக்கு, வந்தார்கள்.

ஓட்டோவை விட்டுவிட்டோம். கமராக்காரர் கமராவைக் கையில் எடுத்து, ஜனாஸாவைப் பார்த்தபடி பின்புறமாக ஓடினார். அவர் விழாமல் நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஜனாஸாவுக்கு முன்னால் ஒரு பெண் ஓடுவதைச் சாச்சா பார்த்தார். பார்த்தபடியே அவரும் ஓடி வந்தார்.

தம்பி முன்பக்கம் வலது தோள். மதகடியில் ஒருவர் தோளை நீட்டினார், தம்பி தலையை ஆட்டினான். இன்னொருவர் வந்தார். அவருக்கும் கொடுக்கவில்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, யார் எவர் என்று கேளாமலே சேர்ந்துகொண்டார்கள். எதிரே பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்று வந்த ஓட்டோ பாட்டை நிறுத்தியது. பாண்காரர் இறங்கி ஓடி வந்து தம்பிக்குப் பின்னால் தோள் கொடுத்தார்.

“யாருட ஜனாஸா?”

“எங்கட வாப்பாட,” என்றான் தம்பி.

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்,” என்று மௌத்துச் செய்திக்கு ஓதுவதை ஓதினார் அவர்.

அது என் காதில் விழுந்தது. பள்ளித் திருப்பத்தில் நான் ‘கட்’ சொல்லியிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே இருந்தேன். மையவாடி வாசலில் அவர்களாக இறக்கி வைத்த பிறகுதான் கமரா நின்றது. தம்பியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் பாண்காரர் ஏசினார். “இதிலயும் விளையாட்டா? அல்லாஹ்வுக்குப் பயமில்லயா?” என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை ஏந்தித் துஆ ஓதி முடித்துத்தான் போனார்.

அந்தக் காட்சி பிழை. எங்கள் பக்கத்தில் படத்தைப் பார்த்த ஆண்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் அதைத்தான் கேட்டார்கள்: ஒருத்தன் மட்டும் தோள் மாத்தாமக் கடைசி வரைக்கும் தூக்குவானா? தூக்க மாட்டான், தெரியும் என்பேன். வெட்டச் சொன்னார்கள், நான் வெட்டவில்லை.

புத்தளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டி முதன்முதலாகக் காட்டினோம். உம்மா முன்வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தார். வாப்பா போன அன்று உம்மா, புருஷனை இழந்தவர் ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில், அறைக்குள் இருந்தவர். எனக்குக் கிடைத்த வேலி ஓட்டை கூட அவருக்குக் கிடைக்கவில்லை. நான் பின்னால் சுவரோடு நின்றேன். வேலி முடிந்து அவர்கள் ஓடத் தொடங்கியதும் உம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“இவ்வளவு கெதியாவா மகன் வாப்பாவக் கொண்டு போனீங்க?” என்று, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“ஓம் உம்மா,” என்றான் தம்பி.

உம்மா உட்கார்ந்தார். கையை நீட்டித் தம்பியின் வலது தோளில் வைத்தார். படம் முடிந்து, விளக்கைப் போட்டு, ஆட்கள் எழும்பிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.