மகளோடு சமையல் வகுப்பில்

நீலகிரி மலையில், கட்டபெட்டுக் கடையில் நான் முதல் தடவை "மா ஒரு கிலோ" என்று கேட்டபோது, "ஏனுங்க, இந்தக் குளுருல மாங்காய்க்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற என் மகள் விமலாதான், "கோதுமை மாவுங்கண்ணா" என்று சொல்லி வாங்கித் தந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மலைநாட்டிலே இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பேசுவதும், வாங்கி வந்ததை எனக்காகச் சமைப்பதும் அதற்குள் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அங்கே தோட்டத்து லயத்து வீட்டில் குசினிக்குள் நான் நுழைந்ததே இல்லை. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு இறங்கி வரும் என் மனைவி நனைந்த சேலையோடே அடுப்பு மூட்டுவாள். நான் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீருக்குக் காத்திருப்பேன். காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அவளை அந்த மண்ணிலேயே விட்டுவிட்டு, நானும் பிள்ளையும் தலைமன்னாரில் கப்பலேறினோம். இங்கே தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை கிடைத்தது, ஒரு வீடும் கிடைத்தது. அடுப்பின் முன்னால் யார் உட்காருவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. விமலா உட்கார்ந்தாள். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பாலில்லாத தேத்தண்ணீர். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தினமும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். ரூத் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அம்மாமார் கொழுந்துக்குப் போய்விட, தனியாக அடுப்பு மூட்டும் பிள்ளைகளுக்காக அவர் சனிக்கிழமைதோறும் சமையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். "விமலாவ அனுப்புங்க. நீங்களும் கூட வரோணும்" என்றார். விறகு பிளக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கோடாலியோடு போனேன். டீச்சர் கோடாலியைப் பார்த்தார். "அத அந்தப் பக்கம் வெச்சுட்டு உக்காருங்க" என்று பிள்ளைகளின் வரிசையில் இடம் காட்டினார். அருவாமணையைக் காலால் அழுத்திக்கொண்டு காரட் நறுக்க வேண்டும், பாவாடையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது, பருப்பும் கீரையும் தினமும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மூடியை என் பக்கமாகவே தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. மூடி கீழே விழுந்து உருண்டது, பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஊட்டுல யாருங்க சமைக்கறது?" என்றார் டீச்சர்.

நான் வாய் திறப்பதற்குள் விமலா எழுந்து நின்றாள். "எங்கப்பாதாங்க டீச்சர். இது பெரிய பானை, அதான்." சொல்லும்போது மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். டீச்சர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். என் மானத்துக்காக என் பிள்ளை பொய் சொன்னதைத் தாங்க முடியவில்லை. வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்பின் முன்னால் நான் உட்கார்ந்தேன். "தள்ளுங்கப்பா, நான் செய்யறேன்" என்றாள். "நீ சொல்லு புள்ள, நான் செய்றேன்" என்றேன். சோறு குழைந்தது, பருப்பு அடிபிடித்தது. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டது இன்னும் வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமைகளிலும் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இப்போது அவள் மயங்கி விழுவதில்லை.

போன வாரம், மனைவி வைப்பதை நினைவில் தேடித் தேடி, பீன்ஸைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கறி வைத்தேன். வாசம் பிடித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"உங்கூருக் கொழம்பாடி?"

"இல்ல, அது எங்கப்பா ஊருது" என்றாள் விமலா. "நம்மூருக் கொழம்பு நான் நாளைக்கு வெப்பேன், வா."

நான் அகப்பையோடு, பிள்ளைகள் இருவர் தட்டிலும் எங்கள் ஊர்க் கறியை ஊற்றிக்கொண்டிருந்தேன்.