தங்கராஜ் மறுத்த காட்சி

சிங்காநல்லூர்ப் பக்கம் பள்ளி வேன் ஓட்டும் சூசைமேரி யாருக்கும் வழிவிட்டு ஒதுங்குகிற ஆள் இல்லை. எதிர்த்திசையில் கார் வந்து மறித்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, அது பின்வாங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கணவர் தங்கராஜை ஊருக்கே தெரியும். முப்பது சினிமாவில் ஏட்டாகவும் டீக்கடைக்காரராகவும் தலைகாட்டியவர். பெயர் தெரியாதவர்கள்கூட முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார்.

போன வருடம் தை மாதம் மதன்குமார் என்கிற இயக்குநர் சென்னையிலிருந்து வீடு தேடி வந்தார். தங்கராஜ் ஏட்டாக நடித்து நன்றாக ஓடிய படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். ஏட்டு இல்லாமல் கதை நகராதாம். அதனால் கம்ப்யூட்டரிலேயே தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

திரையில் தங்கராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஏனுங்க, சௌக்கியமுங்களா?" என்றார். அதே கரகரத்த குரல். மகள் ஜெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சூசைமேரி இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். அந்த நிமிஷம் மதன்குமார் கையெழுத்துக் கேட்டிருந்தால் போட்டிருப்பார். ஆனால் அவர் ஆசையாக, மாதிரிக்குச் செய்துவைத்திருந்த அடுத்த துண்டையும் ஓடவிட்டார்.

குழம்பில் உப்பில்லை என்று ஏட்டு மனைவியை அறைகிறார். அவள் சுழன்று மாவுப் பாத்திரத்துக்குள் விழுகிறாள். தியேட்டரே அதிரும் என்றார் மதன்குமார்.

சூசைமேரி லேப்டாப்பை மூடினார்.

பதினோரு வருடத்துக்கு முன் பொள்ளாச்சியில் ஒரு படப்பிடிப்பில் இதே மாதிரிக் காட்சியைத் தங்கராஜிடம் நடிக்கச் சொன்னார்கள். அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதைக் காட்டிச் சிரிப்பு மூட்ட என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, காக்கி உடுப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கண்டக்டர் போலீஸ் என்று நினைத்து டிக்கெட் கேட்கவில்லை. இவர்தான் கூப்பிட்டு வாங்கினாராம். அதற்கப்புறம் இரண்டு வருடம் யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குப் போனார். ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இதையெல்லாம் சூசைமேரி சொல்ல, மதன்குமார் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் நடிக்கலையே மேடம். கம்ப்யூட்டர்தானே செய்யுது."

"மொகம் அவருதுங்க. உசுரோட இருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரு. இப்ப அவரால முடியாதுன்னுதானே இதைச் செய்யறீங்க? அவருக்குப் பதிலா நான் சொல்றனுங்க. ஆகாது."

முதல் பாகத்துக்குத் தங்கராஜ் கையெழுத்திட்ட தாளில், ஏட்டின் உருவமும் குரலும் படக் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. மரியாதைக்காகத்தான் வந்தோம், சம்மதம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு மதன்குமார் கிளம்பினார்.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா ஹுமேரா, வக்கீல். அவர் அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் வரவில்லை. அன்னூர்ப் பக்கம் படப்பிடிப்பு நடப்பதாகத் தெரிந்ததும், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு சூசைமேரி அங்கே போனார். ஒரு தோட்டத்து வீட்டு முற்றத்தில், முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிய ஒருவர் தங்கராஜைப் போலவே சாய்ந்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஆல்வின், ஈரோட்டு நாடக நடிகர். அவர் நடித்து முடித்ததும் அவர் முகத்தின்மேல் தங்கராஜின் முகத்தைப் பொருத்துவார்களாம்.

சூசைமேரி நேராகப் போய் அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றார். இரண்டு பேர் நகரச் சொன்னார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் தங்கராஜோட சம்சாரமுங்க," என்று ஆல்வினிடம் பொள்ளாச்சிக் கதையைச் சொன்னார். "நீங்க அறையறது அவரு அறையறதா ஆயிருமுங்க. உங்க மொகத்தோட செய்யறதுன்னா செய்யுங்க. அது உங்க இஷ்டம்."

ஆல்வின் முகத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். "என் மொகத்தோடயும் வேண்டாமுங்க," என்றார்.

அன்றைய படப்பிடிப்பு நின்றது. யாரோ செல்போனில் எடுத்தது ஊரெல்லாம் பரவி, கம்பெனிக்குக் கெட்ட பேராகிவிட்டது. இரண்டு வாரத்தில் மதன்குமார் பேசினார். அறையும் காட்சியை எடுத்துவிடுகிறோம், ஏட்டு மட்டும் நல்லவராக வந்துபோகட்டும், டைட்டிலில் அஞ்சலி போடுகிறோம் என்றார். ஜெனிஷாவுக்கு அப்பாவை இன்னொரு தடவை பெரிய திரையில் பார்க்க ஆசை. சூசைமேரிக்கும் ஆசைதான். அன்று இரவு அம்மாவும் மகளும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கு நல்லவராக வந்தாலும், நாளைக்கு வேறெதையாவது செய்யவைத்தால் மறுக்க அவர் இல்லையே என்று யோசித்து, காலையில் இருவரும் சேர்ந்தே வேண்டாம் என்றார்கள்.

படம் ஏட்டு இல்லாமலே வெளிவந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் செய்துவைத்த தங்கராஜை அழிக்கக் கம்பெனி சம்மதிக்கவில்லை. பின்னால் உதவும் என்கிறார்கள். அதை அழிக்கச் சொல்லிச் சூசைமேரி போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. சமாதானமாகப் போகலாமே என்று கம்பெனி வக்கீல் கேட்டபோது, வாய்தா தேதியை மட்டும் சொல்லுங்க, வாரேன் என்றாராம்.