முதல் இஞ்ச் இல்லாத டேப்

சர்வேயர் வீட்டு மனையை அளந்துவிட்டுப் போனதிலிருந்து தையற்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்க்கிடெக்ட் அம்மா வெட்டும் மேசைமேல் வரைபடத்தை விரித்தார்.

"முப்பதடி அகலம்னு சொன்னீங்களேண்ணே. அரை அடி குறையுதே! உங்க அளவை நம்பி வரைஞ்சது என் தப்புதான். ஆனா அந்த அரை அடி எங்க போச்சு?"

தையற்காரரின் கை கழுத்தில் கிடந்த டேப்பைத் தடவியது. தடவிய கை அப்படியே நின்றது. முதல் இஞ்ச் நைந்துபோய் எப்போதோ கத்தரித்துவிட்ட டேப் அது. சட்டைக்கு அளந்தால் வாய் தானாக ஒன்றைக் கழித்துச் சொல்லும். சொந்த மண்ணைப் பார்த்த சந்தோஷத்தில், அந்த ஐந்தடி டேப்பை ஆறு முறை நீட்டிப் போட்டவர் ஒரு முறைகூடக் கழிக்கவில்லை.

"ஆண்டவா, ஆறு இஞ்ச்சையும் நானே முழுங்கிட்டேன்."

பக்கவாட்டில் மூன்றடி காலி விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அரை அடியை வீட்டுக்குள்தான் குறைக்க வேண்டும். கீழே படுக்கையறையும் தையல் அறையும் பக்கத்துப் பக்கத்தில். படுக்கையறை எட்டடிக்குக் குறைந்தால் நகராட்சி அலுவலகத்தில் வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள். தையல் அறை குறைந்தால் மேசை நுழையாது.

"படுக்கையறையை மாடிக்கு ஏத்திருவோம்ணே. வேற வழி தெரியல."

மூலை நாற்காலியில் அவர் மனைவி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக வாடகைக்கு மாடி வீடு. படிக்கு ஒரு தரம் கடவுளைக் கூப்பிட்டுத்தான் ஏறுவாள். அவள் கீழே படுக்க ஓர் அறை வேண்டும் என்றுதான் இந்த வீடே.

"நான் ஏறிக்குவேங்க," என்றாள்.

அந்தச் சொல் அவரைச் சுருக்கென்று தைத்தது. வாசலுக்கும் மேசைக்கும் நாலு நடை நடந்தார்.

"மேசையில அரை அடி போனா உள்ள நுழையுமாம்மா?"

"நுழையும்."

"அப்ப அறுத்துருவோம்."

"முப்பது வருசமா சோறு போட்ட மேசைங்க!" மனைவி பதறினாள்.

"அதுக்கு முட்டி வலிக்காதுடி."

சாயங்காலமே ரம்பம் வந்தது. டேப்பை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். மனசு கேட்கவில்லை, மறுபடி அளந்தார், மறுபடியும் அளந்தார். ரம்பத்தைக் கோட்டில் வைத்தபோது நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஒண்ணு கழிச்சீங்களா?"

ரம்பத்தைக் கீழே வைத்து, கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.