தகரப் பெட்டியில் இரண்டு காகிதங்கள்

சாந்தன்பாறைக்கு மேலே காட்டில் முனியறைகள் உண்டு. பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலத்துச் சவக்குழிகள். புது ரோடு அந்த வழியாக வர இருந்தது. அதற்குமுன் தோண்டி, அளந்து, படம் வரைந்து கொடுக்க ஒரு காண்ட்ராக்டர் வேலை எடுத்தார். எழுபதுகளின் நடுவில். எஸ்டேட்டிலிருந்து மண் வெட்ட என்னை அனுப்பினார்கள்.

வரையப் படித்தவர்கள் வேண்டும். மதுரையிலிருந்து வருவார்கள். மழை, அட்டைக்கடி, கஞ்சி. சனிக்கிழமை அரிசி கொண்டுவரும் ஜீப்பிலேயே இறங்கிப் போய்விடுவார்கள். இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

காண்ட்ராக்டர் என்னிடம் கேட்டார். "எடோ, நீ மட்டும் எப்படி ஓடாம இருக்கே?"

"ஓடி எங்கய்யா போக? ரேஷன் கார்டு உங்க பெட்டியிலல்லா கெடக்கு."

எஸ்டேட் வழக்கம் அது. கார்டு கங்காணியிடம் இருக்கும். என்னை அனுப்பும்போது அவர் அதை இவரிடம் கொடுத்துவிட்டார். நான் சிரிப்புக்குச் சொன்னேன். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

அடுத்து வந்தவர் எம்.ஏ. முடித்தவர். அவருடைய அசல் சர்டிபிகேட்டைக் காண்ட்ராக்டர் பார்க்க வேண்டும் என்று வாங்கி, தகரப் பெட்டியில் என் கார்டுக்கு மேலே வைத்துப் பூட்டினார். அவர் அடிக்கடி மலையிறங்குவார் என்பதால் சாவி என்னிடம்.

எம்.ஏ.காரர் நான்கு மாதம் இருந்தார். மழை பெய்தால் குடையைத் தலைக்குப் பிடிக்க மாட்டார், தாளுக்குப் பிடிப்பார்.

ஒருநாள் அவருக்குத் தபால் வந்தது. திங்கட்கிழமை கல்லூரி வாத்தியார் வேலைக்கு நேர்காணல். அசல் சர்டிபிகேட் கட்டாயம். காண்ட்ராக்டரிடம் கேட்டார். "இந்தக் குழி தீரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மலையிறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது.

"அண்ணே, சாவி."

"குடுத்தா எஸ்டேட்டுல லயத்து வீட்டப் பிடுங்கிருவாங்க தம்பி."

"கேக்கவே கூசுதுண்ணே. இத விட்டா இந்தக் குழிக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

"குழிக்குள்ள நிக்கவன்கிட்ட வந்து சொல்லுதீங்க."

சிரித்தார். கண் கலங்கியிருந்தது. காகிதத்தைப் பூட்டி ஆளை நிறுத்தும் வழியைக் காண்ட்ராக்டருக்குச் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. பெட்டியைத் திறந்தேன்.

"உங்க கார்டையும் எடுங்கண்ணே. ஜீப்புல எடம் இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். அதில் ஆறு பேர் பெயர். ஆறு பேரும் லயத்தில் குடியிருந்தோம். திரும்ப வைத்துப் பூட்டினேன்.

காண்ட்ராக்டர் வந்து திட்டினார். மண் வெட்ட வேறு ஆள் இல்லாததால் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஜீப்பிலிருந்து இன்னொருவர் இறங்கினார்.

"சர்டிபிகேட் கொண்டுவந்திருக்கியா?" என்று காண்ட்ராக்டர் கேட்பது குழிக்குள் எனக்குக் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்தேன்.