தேநீர் சிந்தாத தரை

க்ளெம் ப்ரீஸின் புல்வெளியிலிருந்து அன்றைக்கு விமானம் கிளம்பலாமா கூடாதா என்பதை முப்பது வருஷமாக முடிவு செய்துவந்தது ஒரு குவளைத் தேநீர்.

இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட் பக்கத்து மண் சிவப்புக் களி. மழையில் ஊறிவிட்டால் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். ஆற்றுக்கும் பேரிக்காய்த் தோப்புக்கும் நடுவே, ஆடுகளை அடைத்துவிட்டு, நானூற்றைம்பது கஜம் நீளத்துக்குப் புல்லை வெட்டி ஓடுபாதையாக வைத்திருந்தார் க்ளெம். புல்லிலிருந்து பறக்கும் மற்ற விவசாயிகள் குதிகாலால் அழுத்தியோ குடையைக் குத்தியோ ஈரம் பார்ப்பார்கள். இவர்கள் வழக்கம் வேறு. பழைய ஜீப்பை க்ளெம் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் மனைவி டெல்மா, விளிம்புக்கு ஒரு விரல் குறைய ஊற்றிய தேநீரைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருப்பாள். முப்பது மைல் வேகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. இளகிய மண்ணில் சக்கரம் இறங்கி ஏறும். பாவாடையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்று பறப்பு கிடையாது. அவள் கை அவ்வளவு நிதானம்.

புல் வெட்டுவதும் அவள்தான். கயிறு கட்டிப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாத கோடுகள். மேலே போய்விட்டால் க்ளெம் கருவிகளின் முள்ளையும் காற்றையும் பார்ப்பார். டெல்மா கீழே பார்ப்பாள். பின்சீட்டிலிருந்து அவள் குரல் ஹெட்ஃபோன் வழியாக வந்துகொண்டே இருக்கும்: யார் வீட்டுக் கூரை ஒழுகப்போகிறது, யார் வைக்கோலை மழையில் விட்டிருக்கிறார்கள், எந்தக் குளம் வற்றுகிறது. க்ளெம் “ம்” போடுவார்.

போன ஆகஸ்டில், அந்தப் பின்சீட்டில் ஏறக் காலைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். கால் அதற்கு மேல் வரவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசைகளைக் கைவிடும் நோய் என்றார் டாக்டர். கால், கை, பிறகு கழுத்து. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். திரும்பி வரும் வழியில் டெல்மா வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டியதும் சொன்னாள்: “இன்னும் ஒரே ஒரு தடவை மேல போகணும் க்ளெம். நம்ம நிலத்தை ஒரு தடவை அங்கேருந்து பார்த்துட்டா போதும்.”

“கூட்டிட்டுப் போறேன்,” என்றார்.

பழைய விமானத்தை அந்த வாரமே விற்றார். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்று வட்டாரத்து விமானக் கொட்டகைகளுக்கெல்லாம் போனார். டெல்மாவின் நாற்காலி பதினெட்டு அங்குல உயரம். கதவு விளிம்பு அதற்குப் பக்கத்தில் இருந்தால், அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, காலைத் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பறந்து வந்து கூடி, பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்னும் இடத்தில் அவர் ஒவ்வொரு கதவாக அளப்பதைப் பார்த்து நோரிஸ் பவல் சும்மா விடவில்லை. மருந்து தெளிக்கும் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். க்ளெமோடு சேர்ந்து பறக்கக் கற்றவர்.

“யோவ் ப்ரீஸ், பிளேன் வாங்குறியா சோபா வாங்குறியா? எவ்வளவு தூரத்துல எழும்பும்னு கேப்பாங்க. நீ என்னடான்னா கதவுக்குக் கச்சை தைக்கிற மாதிரி அளக்குற.”

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெம் நாடாவைச் சுருட்டிக்கொண்டே காரணத்தைச் சொன்னார். நோரிஸ் தன் கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வெள்ளை. மூக்கில் சின்னச் சக்கரம், கதவு விளிம்பு இருபது அங்குலம். டெல்மாவுக்காகவே செய்தது போல. ஆனால் க்ளெமின் களியில் அந்த மூக்குச் சக்கரம் புதைந்தால் விமானம் முகம் குப்புற விழும். இன்னொன்று பச்சை. வாலில் சக்கரம், முன்னால் இரண்டு தடித்த டயர்கள், சேற்றில் வாத்து போல நடக்கும். டயர் தடித்ததால் கதவும் மேலே போயிற்று: முப்பத்து நான்கு அங்குலம்.

நோரிஸ் வீட்டுக்கே வந்தார். பன்னிரண்டு மைல் தள்ளி, தார் போட்ட விமானத்தளத்தில் அவருக்கு ஒரு கொட்டகை இருந்தது. “வெள்ளையை வாங்கு. என் கொட்டகையில பாதி சும்மா கிடக்கு. மழை பிடிச்சா உன் நிலம் மார்ச் வரைக்கும் களிக்கூழ்தான். தார்லேருந்து அடுத்த வாரமே அவளைக் கூட்டிட்டுப் போயிரலாம்.”

டெல்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “தார்லயே போவோமே க்ளெம்.”

“தார்ல எவன் வேணாலும் இறங்குவான் அம்மணி. பஸ் டிரைவர்கூட இறங்குவான். நீ வெட்டுன புல்லு அங்க இருக்கு. அதுலேருந்துதான் நீ கிளம்பணும்,” என்றார் க்ளெம்.

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது அக்டோபர். அவளால் அப்போது பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது.

க்ளெம் பச்சையை வாங்கினார். மரத்தில் இரண்டு படி வைத்து, மேலே சுழலும் பலகை பொருத்தி, டெல்மா ஏறுவதற்கென்று ஒரு பெட்டி செய்தார். பலகையின் முனைகளை அவள் துணி கிழியாதபடி மூன்று தடவை தேய்த்தார். பெட்டி முடிவதற்குள் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஆறு இரண்டு முறை புல்லுக்குள் வந்து போயிற்று. தடித்த டயர் புதையாது, சரிதான்; ஆனால் ஈரப் புல் இழுக்கிற இழுப்பில் இரண்டு பேர் எடையோடு வேலிக்கு முன்னால் எழும்பாது. தனியாக ஒருமுறை முயன்று பார்த்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார். தினமும் காலையில் போய்க் குதிகாலை அழுத்துவார். டெல்மா ஜன்னல் கண்ணாடியைக் கரண்டியால் தட்டி எவ்வளவு பதிகிறது என்று கேட்பாள். அவர் விரல்களை அகட்டிக் காட்டுவார். ஜனவரியில் கரண்டி நின்றது. புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். பிறகு, நாற்காலியை ஜன்னல் பக்கம் அவரே திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

ஏப்ரலில் ஒன்பது நாள் உலர்ந்த கிழக்குக் காற்று அடித்தது. வருஷத்தின் முதல் புல்லை க்ளெமே வெட்டினார். டெல்மாவைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்து, கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, அவள் விரல்களைக் குவளையைச் சுற்றி மடக்கி வைத்தார். ஆற விட்ட தேநீர்தான். பாதி தூரத்திலேயே பாவாடை நனைந்தது.

“இன்னும் காயல. ரெண்டு நாள் பொறுப்போம்.”

இரண்டு நாள் கழித்தும் சிந்தியது. அதற்கடுத்த நாளும். அன்று நடுப்பாதையில் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“எஞ்சினை அணை.”

அணைத்தார்.

“ஊத்து.”

குடுவையிலிருந்து ஊற்றினார். ஜீப் அசையாமல் நின்றது. காற்றுகூடக் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. குவளைக்குள் தேநீர் தானாக நடுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி அவள் மடியில் வழிந்தது.

“தரை காஞ்சு நாளாச்சு க்ளெம். சிந்துறது நான்,” என்றாள்.

அவருக்கு அது தெரியாமல் இல்லை. குதிகால் மூன்று நாளாகவே பதியவில்லை.

நோரிஸை வரவழைத்தார். இருவருமாக அவளைப் பெட்டிமேல் ஏற்றி, பலகையைச் சுழற்றி, கதவு விளிம்புவரை கொண்டுபோனார்கள். தலை நிற்கவில்லை. நேராகப் பிடித்தால் உடம்பு சரிந்தது. உடம்பைப் பிடித்தால் முழங்கால் போய்க் கட்டுப்பாட்டுத் தண்டில் சாய்ந்தது. பறக்கும்போது அப்படிச் சாய்ந்தால் இரண்டு பேரும் வயலில்தான். இருபது நிமிஷம் ஆயிற்று. “போதும்,” என்றாள் டெல்மா. நோரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார். அவர் தாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது அங்குலமோ முப்பத்து நான்கோ, இனி எல்லாம் ஒன்றுதான். அக்டோபரில், தாரிலிருந்து, அவள் எதில் வேண்டுமானாலும் ஏறியிருப்பாள். அவளைத் திரும்ப ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு, க்ளெம் பெட்டியை இழுத்து வேலியோரம் போட்டார்.

“நீ போயிட்டு வா. நான் இங்கேருந்து பார்க்குறேன்,” என்றாள்.

பக்கத்து இருக்கையின் பட்டைகள் தொங்கினால் தண்டில் சிக்கும். ஆள் இல்லாத இருக்கையை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர் கட்டினார். பச்சை விமானம் நூற்றெண்பது கஜத்தில் எழும்பியது. வாங்கியவர் பெருமைப்பட வேண்டிய தூரம். ஒரு வட்டமடித்து, தேநீர்கூடச் சிந்தாத மாதிரி இறங்கினார்.

ஜீப்பின் ஜன்னலருகே குனிந்தார்.

“சொல்லு,” என்றாள்.

“காத்து கிழக்கேருந்து எட்டு மைல் வேகம். வேலிப் பக்கம் கொஞ்சம் தூக்குது.”

“காத்தையா கேட்டேன்? பேரி பூத்திருக்கா? பாலத்துக்கிட்ட குளத்துல தண்ணி எவ்வளவு நிக்குது? நீ வெட்டுன கோடு நேரா இருக்கா?”

வேகமுள், எண்ணெய்ச்சூடு, வேலியின் உயரம், இவ்வளவுதான் க்ளெமின் கண்ணில் இருந்தது. முப்பது வருஷமும் இவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும்.

“பார்க்கல,” என்றார்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். கோபமாக இல்லை. “திரும்பப் போ. ஒவ்வொரு வயலாப் பாரு. மறக்காம வந்து சொல்லு.”

பட்டைகள் கட்டியபடியே இருந்தன. அறுநூறு அடியில் இறக்கையைச் சாய்த்து, க்ளெம் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். மறக்காமல் இருக்க வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். பேரி பூத்திருக்கு, மேற்கு ஓரம் மட்டும். குளம் நிறைஞ்சு, நடுவுல ரெண்டு அன்னம். நோரிஸ் தொப்பி இல்லாம நிக்கிறான். கோடு பாம்பு போன தடம், சிரிக்கப் போற. பெட்டி வேலியோரம் கவுந்து கிடக்கு.

பாதையின் கோடியில் ஜீப் நின்றிருந்தது. ஜன்னலில் வெளிறிய சின்னப் புள்ளியாக ஒரு முகம், மேலே பார்த்தபடி. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இன்னொரு வட்டம் சுற்றினார்.