இடது கையில் அம்மைப்பால், வலது கையில் மஞ்சள்

டாக்டர் சௌடையா சென்னையில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். கிருமிகளைப் பற்றியும், உடம்பு அவற்றை எதிர்த்து நிற்கிற விதத்தைப் பற்றியும் பாடம் நடத்துவார். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் தெருவில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள். வகுப்புக்குள் அவர் நுழைந்தாலே பையன்களுக்கு உதறல் எடுக்கும். "ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்பார். பதில் தெரியாதவன் சாயங்காலம் ஆய்வுக்கூடத்து முயல் கூண்டைக் கழுவ வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனுஷனுக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. தங்கை மகன் லிங்கம் ஏன் செத்தான்?

லிங்கத்துக்குப் பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் வைத்தது அவரேதான். 1942-ல் லீவுக்கு வந்தவர், பிள்ளையை மடியில் உட்காரவைத்து, இடது கையில் கீறி, மருந்தைத் தடவினார். பரீட்சை வேலை இருந்ததால் மறுநாளே விருதுநகரில் ரயிலேறிவிட்டார். அடுத்த கோடையில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. பிள்ளை போய்விட்டான்.

சௌடையாவால் நம்ப முடியவில்லை. பிளாஸ்கில் ஐஸ் போட்டுப் பத்திரமாகக் கொண்டுபோன மருந்து. அதே மருந்து சென்னைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பலித்திருந்தது. அன்றிலிருந்து ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தார். மருந்தை வெயிலில் வைத்தார், நிழலில் வைத்தார், முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். அவர் எழுதிய கட்டுரைகளைக் கடல் கடந்தெல்லாம் படித்தார்கள். தங்கை தங்கம்மாள் மட்டும் அவரிடம் பேசவில்லை.

1945 பங்குனியில் பந்தல்குடிப் பக்கம் மறுபடியும் அம்மை என்று கேள்விப்பட்டார். போட்டது போட்டபடி பிளாஸ்கோடு ஊருக்குக் கிளம்பினார். தங்கைக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருந்தது. நாகமணி.

தங்கம்மாள் குழந்தையை இடுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது கன்னடம். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வந்துவிடும்.

"ஒண்ணக் குடுத்தது போதாதாண்ணே? இதையும் கேக்க வந்தியா?"

"ஏய், மச்சான் மெட்ராசுல இருந்து வந்திருக்காக, உள்ள விடு" என்று தறிக்குழியிலிருந்து அவள் புருஷன் வேங்கடபதி குரல் கொடுத்தான்.

"அன்னைக்குந்தான் வந்தாக."

சௌடையா வாசலிலேயே பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்லூரியில் அதிகாரம் பண்ணிப் பழகிய குரல் அங்கே எடுபடவில்லை, கெஞ்சலாகத்தான் வந்தது. "இந்தத் தடவ ஓடிற மாட்டேன் தங்கம். புண்ணு பழுத்து, காஞ்சு, பொருக்கு உதிர்ற மட்டும் இங்கனயே கெடப்பேன்."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். திரும்பி வந்தவள் கையில், அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் ஒரு கிண்ணத்தில் இருந்தன.

"சரி, குத்து. குத்துன கையோட இத வைக்கணும்."

"எதுக்கு?"

"சௌடேஸ்வரி அம்மாவுக்குக் குளுரத்தான். அவ கோயில் மஞ்ச. அன்னைக்கு நீ எந்திரிச்சு அங்கிட்டுப் போனதும் லிங்கம் எரியுதுன்னு அழுதான். நல்லாத் தேச்சுக் கழுவிட்டு இதத்தான் அப்பி விட்டேன். கப்புனு அழுகைய நிப்பாட்டிட்டான்."

இத்தனை காலமும் முயல்களிடம் தேடிய பதில் கிண்ணத்தில் இருந்தது. ஈரம் காயும் முன்பே மருந்து கழுவப்பட்டுப் போயிருக்கிறது. உடம்புக்குள் அது போகவே இல்லை.

பாடம் நடத்திப் பழகிய வாய் தானாகத் திறந்தது. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு அதையாவது செய்தோமே என்ற ஆறுதல் அதில் இருந்தது. அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை.

"தங்கம், அன்னைக்கு நான் கொண்டாந்தது செத்த மருந்து" என்றார். "வர்ற வழியில வெயில்ல வீணாப் போயிருக்கு. பலிச்சுதான்னு இருந்து பாக்காமப் போயிட்டேன். தப்பு என்னோடது."

அது முழுப் பொய்யும் இல்லை. இருந்து பார்க்காமல் ரயிலேறியவர் அவர்தானே!

தங்கம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் தோளில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். அழுது ஓயும்வரை அடித்தாள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மருந்துல தண்ணியும் மஞ்சளும் படக்கூடாது. அம்மாவுக்குச் செய்யறத வலது கையில செய்யி. அவளுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்."

நாகமணிக்கு இடது கையில் அம்மைப்பால், வலது கையில் மஞ்சள். சொன்னபடி அவர் அங்கேயே இருந்தார். புண் அழகாகப் பழுத்தது. தெருவே வந்து பார்த்தது. மற்ற வீடுகளிலும் பிள்ளைகளை நீட்டினார்கள். தாய்மார்கள் வலது கைக்கு மஞ்சளோடு காத்திருந்தார்கள். கூடவே, "பெரிய டாக்டராம், செத்த மருந்தக் கொண்டாந்து குத்துனாராம்ல" என்று அவர் காதுபடவே சிரித்தார்கள். கட்டுரை கட்டுரையாக மருந்தின் ஆயுளை எழுதிய மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

பிற்பாடு வகுப்பில் வருஷம் தவறாமல் சொல்வார்: "அம்மைப்பால் வச்சா மட்டும் போதாது. அதுக்கப்புறம் என்ன தடவினீங்கன்னு அந்தத் தாயைக் கேளுங்க. அதனாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சாலும் அவகிட்டச் சொல்லாதீங்க." ஏன் சார் சொல்லக் கூடாது என்று கேட்ட ஒருவன் முயல் கூண்டைக் கழுவினான்.

அந்தத் தடவை பொருக்கு உதிர்ந்து அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று தங்கம்மாள் பஸ் வரைக்கும் வந்தாள். இடுப்பில் நாகமணி. பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அண்ணனின் கைமேல் கையை வைத்து, இந்தத் தடவை கன்னடத்தில் சொன்னாள்: தெரிந்தா செய்தாய்? மனசில் வைத்துக்கொண்டு மருகாதே. நான் மன்னித்துவிட்டேன், அண்ணா.

சௌடையா தலையை மட்டும் ஆட்டினார். பாளையம்பட்டி தாண்டியும் அவருக்கு அழுகை நிற்கவில்லை.